வாசிக்காமல் வைத்த கையெழுத்து

மகளின் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்திலிருந்து எந்தத் தாள் வந்தாலும் யோசெப்பின் வாசிக்காமலே கையெழுத்து வைத்துவிடுவாள். வாத்திமார் பிள்ளைக்குக் கெடுதலா எழுதுவார்கள்? போன மாதம் வந்தது, மகள் பிரியந்தியை உயர்கணித வகுப்பிலிருந்து சாதாரண வகுப்புக்கு இறக்கச் சம்மதம் கேட்ட தாள். பிரியந்தி புது வகுப்பில் போய் இருந்த அன்றுதான் விஷயம் வெளியில் வந்தது.

பிரியந்திக்குக் கணிதத்தில் எண்பத்து நான்கு புள்ளி. எழுபத்தொன்று எடுத்த கமீல் என்ற வெள்ளைக்காரப் பிள்ளை மேல்வகுப்பிலேயே இருந்தாள். இறக்கப்பட்ட ஏழு பேரும் தமிழ், ஹெயிட்டி, வங்காளப் பிள்ளைகள்.

யோசெப்பின் வேலைக்கு லீவு எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கே பள்ளிக்கூட அலுவலகத்தில் போய் இருந்தாள். ஆலோசகர் பதினொரு மணிக்குத்தான் கூப்பிட்டார்.

"வீட்டில் பிரெஞ்சு பேசாத பிள்ளைகள் அங்கே திணறுவார்கள், மதாம். அவள் நன்மைக்குத்தான்."

யோசெப்பின் தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டாள்: "எண்பத்து நாலு எடுத்தவள் திணறுவாள், எழுபத்தொண்டு எடுத்தவள் திணறமாட்டாளோ?"

அவர் பழைய தாளை எடுத்துக் காட்டினார். "நீங்கள்தானே சம்மதித்தீர்கள்."

"ஓம். வாசிக்காமல் வைச்சது என்ரை பிழை. அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறன்."

வேறு வழியில்லாமல் அவர் மறுபரிசீலனைப் படிவம் ஒன்றை நீட்டினார். இந்தமுறை அவள் விரல் வைத்து வரி வரியாக வாசித்தாள். அவர் இரண்டு தடவை மணிக்கூட்டைப் பார்த்தார். கையெழுத்து வைத்துக் கொடுத்த பிறகும் அவள் எழும்பவில்லை.

"வேறென்ன, மதாம்?"

"இன்னும் ஆறு படிவம் தாங்கோ. மற்றத் தாய்மார் வெளியிலை நிக்கினம்."