ஓர்சொலா வாசிக்காத ஞாயிறு

பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்த காலையில் ஓர்சொலா எலுமிச்சைத் தோலால் விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வருடம் வயலின் தந்தியை அழுத்திக் காய்த்துப்போன விரல்கள், எலுமிச்சைக்கா மசியும்? கைக்குழந்தையாக வெனிஸ் நகரத்து அனாதை இல்லத்தின் வாசலில் விடப்பட்டவள் அவள். இப்போது முப்பத்துநாலு வயது. ஞாயிறுதோறும் இல்லத்துக் கோவில் மாடத்தில், கம்பித்திரைக்குப் பின்னால் உட்கார்ந்து மற்றப் பெண்களோடு வாசிப்பாள். அவள் எழுதிய இசையைக் கேட்கப் படகு படகாக வந்து இறங்குவார்கள். முகத்தை ஒருவரும் பார்த்ததில்லை. அதனாலேயே பாதி ஊர் அவளைப் பேரழகி என்று நம்பிக்கொண்டிருந்தது. அந்த மட்டில் திரைக்கு அவள் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

வந்தவர் அல்வீஸே, மெழுகு வியாபாரி, மனைவியை இழந்தவர். மெழுகுவத்தித் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு தனி வயலின் வாசித்த பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று இல்லத்து நிர்வாகிகளிடம் எழுதிக் கேட்டிருந்தார். நிர்வாகிகள் அன்றைய பட்டியலைப் புரட்டி, ஓர்சொலா என்ற பெயரைப் பார்த்து, சரி என்றார்கள்.

கல்யாணமாகி வெளியே போகிறவள் இனி இந்த ஊரில் பலர் முன்னால் வாசிப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். எழுதிய இசையும் இல்லத்துப் பெட்டியிலேயே தங்கிவிடும். ஓர்சொலா பத்து நாள் யோசித்துத்தான் சம்மதித்தாள். தனக்கென்று திறந்து மூட ஒரு ஜன்னல், சாப்பிட்டாயா என்று கேட்க ஒரு குரல். ஆசைப்பட்டாள், அவ்வளவுதான்.

இல்லத்துத் தலைவியம்மா காவலுக்கு உட்கார்ந்திருந்த கூடத்தில் அல்வீஸே தொப்பியை உருட்டியபடி பேசினார்.

“மெதுவா வர்ற அந்த எடங்க... ஒரு சுரம் மேல போய் அங்கேயே நிக்குமே. பொண்டாட்டி செத்தப்பகூட எனக்கு அழுகை வரல. அன்னைக்குத்தான் அழுதேன்.”

சொன்னதோடு விடாமல் முனகியும் காட்டினார். கழுதை தோற்றது. ஆனாலும் ஓர்சொலாவுக்குப் பகீரென்றது. அந்த ஞாயிறு அவள் இடது மோதிர விரலில் நகச்சுத்தி. பக்கத்து நாற்காலி கத்தீனாதான் அவளுக்குப் பதிலாக வாசித்தாள். சுரம் அங்கே நிற்கவேண்டும் என்று ஓர்சொலா எழுதவே இல்லை. அது கத்தீனாவின் குறும்பு. அதற்காக அவளை ஓர்சொலா திட்டியும் இருந்தாள். இப்போது தலைவலி என்று சொல்லிக் கூடத்திலிருந்து எழுந்து வந்துவிட்டாள்.

“வாய மூடிட்டு அவரக் கட்டிக்கிட்டுப் போடி,” என்றாள் விஷயத்தைக் கேட்ட கத்தீனா. “எனக்கொண்ணும் அந்த மெழுகு மூஞ்சி வேணாம்.”

“முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கச் சொல்றியா?”

“வந்து வாய்ச்ச சோத்த எட்டி ஒதைக்காதேங்கிறேன்.”

மறுநாள் ஓர்சொலா அவரை வரவழைத்து உள்ளதைச் சொல்லிவிட்டாள். தலைவியம்மாவின் ஜெபமாலை பாதியில் நின்றது. அல்வீஸே தொப்பியை மடியில் வைத்தார்.

“அப்ப அந்தப் பாட்டு யாருது?”

“எழுதினது நான். வாசிச்ச கை அவளோடது. எது ஒங்களுக்குப் புடிச்சுது?”

“ரெண்டும் வேற வேறயா?” உண்மையிலேயே குழம்பியிருந்தார். “எனக்கு வெவரம் பத்தாதுங்க. ஞாயித்துக்கெழம அதையே நீங்க வாசிங்க. கேட்டுட்டு, மனசுல பட்டத மறைக்காம சொல்லிடறேன்.”

நியாயமான பேச்சு. அவரை அவளுக்குப் பிடித்துப்போனது அப்போதுதான்.

ஞாயிறு. கம்பித்திரையின் இடுக்கில் பார்த்தாள். மூன்றாம் வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வில்லை எடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நன்றாக வாசித்தால் இதுவே கடைசி. சொதப்பினால் சாகும்வரை வாசிக்கலாம். நாலு அபசுரம் போதும், மெழுகு வியாபாரி படகேறிவிடுவார். பக்கத்தில் கத்தீனா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெதுவாக வரும் இடம் வந்தது. அந்தச் சுரத்தில் ஓர்சொலா நிற்கவில்லை. தான் எழுதியபடியே, பிடித்த கையை விட்டுவிட்டு நடப்பதுபோல, இறங்கி வந்தாள். ஒரு பிசிறு இல்லை. வேண்டுமென்றே தப்பாக வாசிக்க அவளுக்குத் தெரியவில்லை, பாவம்.

கோவிலில் கைதட்டக் கூடாது. அதனால் பிடித்துப்போனால் வெனிஸ்காரர்கள் இருமுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள், காலைத் தேய்ப்பார்கள். அன்று கோவிலே சளி பிடித்ததுபோல இருமியது. மூன்றாம் வரிசையில் ஒருவர் மட்டும் இருமவில்லை. தொப்பியை முகத்தில் அழுத்திக்கொண்டு குனிந்திருந்தார். தோள்கள் குலுங்கின.

அடுத்த பாட்டுக்கு எல்லோரும் தாளைப் புரட்டிவிட்டார்கள். முடிந்த பாட்டின் கடைசிச் சுரத்திலேயே நின்ற ஓர்சொலாவின் வில் மட்டும் தந்தியை விட்டு எழவில்லை.