நைட்டும் செகண்டும் கூடாது

என் வீட்டுக்காரர் பெனடிக்ட்டுக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று அவரைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற நிலக்கரியை வாரிப்போடும் கான்ட்ராக்ட் வேலை அவருக்கு. ஷிப்ட் தாளை நான் வாங்கி, வடக்குத்துக் கிராமத்தில் எங்கள் வாடகை வீட்டு அடுப்படிச் சுவரில், மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். ஃபர்ஸ்ட் ஷிப்ட் ஒரு வாரம், அடுத்து நைட், அடுத்து செகண்ட், அப்புறம் ஜெனரல். நாலு வாரம் முடிந்தால் மறுபடி ஃபர்ஸ்ட். மற்ற பெண்கள் எப்போது சோறு வடிக்கலாம் என்று பார்க்க அந்தத் தாளை ஒட்டுவார்கள். நான் உயிரோடு இருக்க ஒட்டினேன்.

சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் சின்னவன் பிறந்த ஒன்பதாம் நாள் என் இடது கால் பூசணிக்காய் போல வீங்கியது. உள்ளே ரத்தம் கட்டி, அதில் ஒரு துணுக்கு நுரையீரலுக்குப் போய், மூச்சு விட முடியாமல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். பாண்டிச்சேரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்து எழுந்ததும் டாக்டரம்மா என் கட்டிலில் உட்கார்ந்து சொன்னார்.

"கிறிஸ்டினா, இன்னொரு தடவ உண்டானா உன்னக் காப்பாத்திடுவேன்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கருத்தடை மாத்திரை, ஊசி எதுவும் உனக்கு ஆகாது. அந்த ஹார்மோனே ரத்தத்தக் கட்ட வச்சிடும். வேற வழி பாத்துக்கோ."

வேற வழி பார்த்தேன். பண்ருட்டி பக்கம் ஒரு ஷெட்டில் முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவள் நான். கொட்டை எண்ணெய் கையைப் பொசுக்கும் என்று ரப்பர் கையுறை கொடுத்தார்கள். எண்ணெயில் வெந்ததைவிடக் கையுறையில் தடித்ததுதான் அதிகம். பெனடிக்ட் ஆணுறை போட்ட முதல் நாளே எனக்கு அதே தடிப்பு, அதே எரிச்சல், சொல்லக் கூசுகிற இடத்தில். இரண்டும் ஒரே ரப்பர்தான் என்று புரிய டாக்டர் தேவைப்படவில்லை. அப்புறம் மெடிக்கலில் உள்ளே வைக்கிற மாத்திரை ஒன்று வாங்கிவந்தார். விந்தைக் கொல்லுமாம். என்னைத்தான் கொன்றது. இரண்டு நாள் சிறுநீர் கழிக்கக்கூட அழுதேன்.

பெண்கள் ஆபரேஷனும் ரத்தம் கட்டுகிற உடம்புக்கு இப்போது வேண்டாம் என்றுவிட்டார்கள். மிச்சமிருந்தது காப்பர்-டி. நர்ஸ் சொன்னதும் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஷெட்டில் என் பக்கத்தில் உட்கார்கிற சின்னம்மாள் அக்கா விடவில்லை.

"அடி யம்மா, அதப் போட்டுக்காதடி. எங்க ஓரகத்திக்கு ஏறிகினு ஏறிகினு நெஞ்சுல போய் நின்னுச்சாம்."

ஒரு தடவை நெஞ்சில் வந்து நின்றதைப் பார்த்தவள் நான். பயந்துபோய் விட்டுவிட்டேன். அது என் முட்டாள்தனம், யார் தலையிலும் போட மாட்டேன்.

ஆம்பளை ஆபரேஷன் என்று ஒன்று இருக்கிறதே, பத்து நிமிஷ வேலையாமே என்று அவரிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளினார்.

"பர்மனென்ட் லிஸ்ட்ல பேரு வரப்போவுது கிறிஸ்டி. மெடிக்கல் பாப்பாங்க. ஆபரேஷன் பண்ணவன்னு தெரிஞ்சா அன்ஃபிட்டு போட்ருவான்."

"யாரு சொன்னா?"

"செட்டுல எல்லாரும் சொல்றாங்க."

பதினோரு வருடமாக அந்த லிஸ்ட் வரப்போகிறது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் வாயை மூடிக்கொள்வாள். நானும் மூடிக்கொண்டேன்.

ஆக, நாள் எண்ணுவதுதான் கதி. கல்யாணத்துக்கு முன்பு சர்ச்சில் நடந்த வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தூரமான முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். எட்டாம் நாள் முதல் பத்தொன்பதாம் நாள் வரை கிட்டே வரக்கூடாது. காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்தேன். எனக்கு இருபத்தெட்டு நாள், தப்பவே தப்பாது. ஒருநாள் அடுப்படியில் நின்றபோது ஷிப்ட் தாளும் இருபத்தெட்டு நாள்தான் என்று கண்ணில் பட்டது. ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரம் தொடங்கினால் எனக்குத் தூரம். அடுத்த வாரம் நைட், அவர் வீட்டிலேயே இல்லை. அதற்கடுத்தது செகண்ட், மதியம் போய் ராத்திரி வந்து விழுந்து தூங்கத்தான் நேரம். ஆபத்தான நாளெல்லாம் அந்த இரண்டு வாரத்துக்குள் அடங்கிப்போனது. மாதாவே பார்த்து ஷிப்ட் போட்டுக் கொடுத்தாள் என்று மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

நைட்டும் செகண்டும் கூடாது, ஜெனரலும் ஃபர்ஸ்ட்டும் பரவாயில்லை. அவ்வளவுதான் எங்கள் சட்டம். இரண்டரை வருடம் ஓடியது. காலண்டரில் புள்ளி வைப்பதை எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

போன நவம்பரில் அடைமழை. சுரங்கத்துக்குள் சேறு இறங்கிவிட்டது. சேறு வார ஆள் போதவில்லை என்று கான்ட்ராக்டர் அந்த வாரத்து நைட் செட்டையும் பகலுக்கு இழுத்தார். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்த திங்கட்கிழமை இவர் குடையோடு வந்து நின்று சொன்னார்.

"இந்த வாரம் நைட்டு இல்ல கிறிஸ்டி. ஜெனரலு!"

அந்த முகத்தில் இருந்த சிரிப்பை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஜெனரல் என்றால் ஆறு மணிக்கு மனுஷன் வீட்டில் இருப்பார். பிள்ளைகள் இரண்டும் என் அம்மா வீட்டில். மழை, கரண்ட் இல்லை, சூடாக டீ. ஜெனரல்தானே, பரவாயில்லை என்று இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னோம். மாறியது அவருடைய ஷிப்ட், என் உடம்பு அல்ல என்று ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் தோன்றவில்லை.

டிசம்பரில் தூரம் தள்ளிப்போனது. முதல் மூன்று நாள், குளிரால் என்று நினைத்தேன். ஆறாம் நாள் பழைய காலண்டரை எடுத்து விரலால் எண்ணினேன். மழை வாரம், எட்டாம் நாள், ஒன்பது, பத்து, பதினொன்று. அப்படியே அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பால் பொங்கி வழிந்தது. எழுந்து அணைக்க முடியவில்லை.

பெரியவள் ஜோஸ்பினுக்கு ஏழு வயது. தலை பின்னத் தெரியாது. சின்னவனுக்கு நான் ஊட்டினால்தான் இறங்கும். அந்தோணியாரே, இந்த இரண்டையும் யாரிடம் விட்டுவிட்டுப் போவேன் என்று வாய்விட்டு அழுதேன். இடது காலை நொடிக்கொரு தரம் அமுக்கிப் பார்த்தேன். வீங்காத காலும் வீங்கியது போலவே இருந்தது.

ஷெட்டில் கை ஓடவில்லை. சின்னம்மாள் அக்கா முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"பப்பாளி தின்னு பாரு. இல்லாங்காட்டி எள்ளு வெல்லம்."

"நெஞ்சுல ஏறும்னு சொன்னீங்களே அக்கா, உங்க ஓரகத்தி இப்போ எங்க இருக்காங்க?"

"அவளா? குள்ளஞ்சாவடியில புரோட்டா கட வச்சிகினு நல்லாத்தான் இருக்கா."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு பஸ் ஏறினேன்.

பெனடிக்ட்டிடம் சொன்னபோது அவர் முதலில் ஷிப்ட் தாளைத்தான் பார்த்தார்.

"ஜெனரல்தானடி? சரியாத்தான இருந்தோம்?"

"யோவ், உன் கான்ட்ராக்டர் சொன்னா என் கர்ப்பப்பையும் ஷிப்ட் மாத்திக்குமா?"

தாளிலிருந்து கண்ணை எடுத்து மாதா படத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல, "ஃபாதர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தார்.

"ஃபாதர் எனக்காகப் பூசை வைப்பாரு. மூச்சு விடுவாரா? தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, ஜாண் போனா என்னா, முழம் போனா என்னா? கலைக்கிற பாவத்த நான் சுமந்துக்குறேன். என் புள்ளைங்களுக்கு நான் வேணும்."

அவ்வளவு கத்தியும், மாதா படத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் இருவரும் அதே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஐந்து வாரம் என்று ஸ்கேன் சொன்னது. டாக்டரம்மா என் பழைய சீட்டுகளைப் படித்துவிட்டு, இதை வளரவிடுவது ஆபத்து, கலைப்பதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது என்றார். கிருஷ்ணப்ரியா என்று ஒரு நர்ஸ், சின்னப் பெண், படிவத்தை நிரப்ப உட்கார்ந்தாள்.

"கருத்தடைக்கு இதுவரைக்கும் என்னக்கா பயன்படுத்துனீங்க?"

நான் பெனடிக்ட்டைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"ஷிப்டு," என்றேன்.

"என்னக்கா?"

"இவரோட நைட் ஷிப்டு, செகண்ட் ஷிப்டு. அத வச்சித்தான் எண்ணிகினு இருந்தோம்."

அவள் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அவள் அப்பாவும் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தாராம். ரப்பர் ஏன் ஆகவில்லை, மாத்திரை ஏன் ஆகவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, நாள் எண்ணும் முறை என்று எழுதினாள். அப்புறம் அதே பழைய பேச்சு: சுத்தம் செய்யும்போதே காப்பர்-டி வைத்துவிடலாம், வெறும் செம்புதான், ஹார்மோன் இல்லை, ரப்பர் இல்லை, மருந்து இல்லை, பத்து வருடம் தாங்கும். முதல் சில மாதம் தூரம் அதிகமாகப் போகலாம், வலிக்கலாம், வந்து காட்ட வேண்டும்.

"நெஞ்சுக்கு ஏறுமா?" என்று கேட்டேன்.

"ஏறாதுக்கா. நெஞ்சுக்குப் போவ வழியே கெடையாது."

மூன்று வருடத்துக்கு முன் சின்னம்மாள் பேச்சைக் கேட்டுப் பயந்து ஓடாமல், இந்த ஒரு கேள்வியை இங்கே கேட்டிருக்கலாம். அதை நினைத்து அங்கேயே அழுதேன்.

பெனடிக்ட் தொண்டையைக் கனைத்தார். "ஆம்பளைங்க பண்ணிக்கிட்டா மெடிக்கல்ல அன்ஃபிட்டுன்னு..."

"யாரு சொன்னது? எங்கப்பாவே பண்ணிக்கிட்டவருதான். ரிட்டையர் ஆவுற வரைக்கும் வேல பாத்தாரு."

பெனடிக்ட் முகம் செத்துப்போனது. எனக்குப் பாவமாக இல்லை.

"நான் கையெழுத்துப் போடணுமா?" என்றார்.

"உங்களுது வேணாம் அண்ணே. அக்கா போட்டா போதும்."

போட்டேன். தடித்த விரலில் பேனா நிற்கவில்லை, எழுத்து கோணியது. உள்ளே படுக்கவைத்ததும் கிருஷ்ணப்ரியா கையுறைப் பெட்டியைத் திறந்தாள். நான் பதறி எழுந்து உட்கார்ந்தேன்.

"ரப்பர் வேணாம் சிஸ்டர்!"

"தெரியும்க்கா, சீட்டுலயே எழுதிட்டேன்," என்று நீலக் கையுறையைக் காட்டினாள். ரப்பர் கலக்காததாம். மூன்று வருடத்தில் என் உடம்பைக் கேட்டு ஒருவர் செய்த முதல் காரியம் அதுதான். வலித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, போன உயிருக்காக ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொன்னேன். முழுதாகச் சொல்ல முடியவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்திருந்தேன். மூன்றாம் நாள் எழுந்து அடுப்படிக்குப் போனால், பெனடிக்ட் ஜனவரி மாத ஷிப்ட் தாளைப் பழைய இடத்திலேயே ஒட்டியிருந்தார். பழக்கதோஷம். நான் கிழித்து எறியவில்லை. பதமாக உரித்து, மடித்து, அவர் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன்.

"ஒன் வேலைக்கான தாளு, நீயே வச்சிக்க."

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அடுப்படிச் சுவரில் மாதா மட்டும் இருக்கிறாள். இந்த வாரம் அவருக்கு எந்த ஷிப்ட் என்று எனக்குத் தெரியாது.