பால்மா டின் தகடு

"எவ்வளவு குடிச்சிருந்த?" என்று பெரிய கிளாக்கர் பொன்னையா கேட்டபோது, அந்தக் கேள்வி தன்னிடம்தான் கேட்கப்படுகிறது என்பதே டிரைவர் வீரசிங்கத்துக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. அலுவலக ஜன்னலுக்கு வெளியே பின்பக்கம் திறந்த தோட்டத்து கெப் வண்டி நின்றது. இடப்பக்க மட்காட் நசுங்கி, முன்விளக்கு ஒன்று குழியை விட்டுக் கழன்று வயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"குடிக்கிற பழக்கம் எனக்கு இல்லீங்கய்யா. ஒங்களுக்கே தெரியும்."

"பொறகு எப்படிப் பழகின ரோட்டுல வண்டி மண்மேட்டுல போயி முட்டும்?"

"ஸ்டியரிங் ஆடுதுன்னு எத்தன தடவ சொன்னேன்."

"அதத்தான் பட்டறைக்கு அனுப்பி செஞ்சாச்சே. வெசாரணை வரும், அங்க சொல்லு. இப்ப ஹாலிஎலைக்குக் கொண்டுபோயி மட்காட மட்டும் தட்டிக்கிட்டு வா. தொரை சனிக்கெழமைக்குள்ள வேணுங்கிறாரு."

குடித்த மனிதனிடம் மறுபடியும் சாவியைக் கொடுத்து மலையிறங்கச் சொல்கிறார்களே என்று கேட்க வாய் வந்தது. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

முட்டியது உண்மைதான். முந்தின வாரம் தோட்டத்துப் பெண் யசோதினிக்கு நிறைமாதத்தில் பிரஷர் ஏறிக் கண் இருட்டியது. ஆம்புலன்ஸ் மேலே வர நேரமாகும் என்பதால் எப்போதும் போல கெப்பில்தான் ஏற்றினார்கள். அவள் முன்சீட்டில்; புருஷன் துஷாந்த் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இடப்பக்கம் மண்மேடு, வலப்பக்கம் பள்ளம். தண்ணி டேங்க் வளைவில் வீரசிங்கம் இடப்பக்கம் திருப்பினார், வண்டி திரும்பவில்லை. கையில் ஸ்டியரிங் சும்மா சுற்றியது. பள்ளம் நேராக வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒடித்தார். அப்போதுதான் சக்கரங்கள் திடீரென்று பிடித்து, வண்டி ஒரே பாய்ச்சலில் மேட்டில் போய் மோதியது. யசோதினியின் நெற்றி டாஷ்போர்டில் அடித்துப் பிளந்தது. அந்த வழியாக வந்த மரக்கறி லொறியில் அவளைப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். ஒப்பரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் தப்பினார்கள். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் துஷாந்த் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தோட்டத்துக்கு வந்து பார்த்தால், டிரைவர் போதையில் இருந்தாராம் என்று தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் பேச்சு. அதை முதலில் சொன்னது யார் என்று கேட்டால் எல்லாரும் கையைக் காட்டியது ஆபீஸை.

ஹாலிஎலையில் ரயில் பாதைக்குக் கீழே ஸரூக்கின் கராஜ். நெருங்கிய சிநேகம் என்றில்லை. வண்டிக்காரர்களுக்குள் இருக்கும் பழக்கம். ஸரூக் மட்காடைப் பார்த்தார், பிறகு வீரசிங்கத்தின் முகத்தைப் பார்த்தார்.

"மட்காட தட்டுறது இரிக்கட்டும். ஏன் முட்டிச்சி?"

"நான் குடிச்சிருந்தேனாம், ஸரூக் நானா."

ஸரூக் சிரிக்கவில்லை. சாக்கு ஒன்றை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து நுழைந்தார். "இஞ்சினைப் போட வாணாம். உள்ளுக்க ஏறி ஸ்டியரிங்க அங்கிட்டும் இங்கிட்டும் சும்மா ஆட்டுங்க. வீல் திரும்புற அளவுக்கு வாணாம்."

வீரசிங்கம் ஆட்டினார். ஒரு சாண் தூரம் ஸ்டியரிங் போனது, சக்கரம் அசையவில்லை. அடியிலிருந்து 'டக், டக்' என்று சத்தம் வந்தது. வண்டி ஓடும்போது இஞ்சின் இரைச்சலில் இத்தனை நாளும் அமுங்கிக் கிடந்த சத்தம்.

"ஸ்டியரிங் பெட்டியில கொறை இல்ல," என்று அடியிலிருந்து குரல் வந்தது. "போல்ட் இறுக்கமாத்தான் ஈக்கி. நீங்க ஆட்டின ஒடனே பெட்டிக்கு கீழ உள்ள கையும் அசையுது. அப்ப தேய்மானம் அதுக்கு அங்கால. ஆட்டுங்க, நிப்பாட்ட வாணாம்." அவர் மறுபக்கம் நகர்ந்தார். "மத்தப் பக்கம் தாங்குற கை ஒண்டு ஈக்கில்ல, அதுட புஷ் செத்துப் போச்சி. பக்கவாட்டுல போக வேண்டியது மேலயும் கீழயும் ஆடுது. இப்ப எறங்குங்க, வீலப் பாப்பம்."

ஜெக்கில் இடப்பக்கச் சக்கரத்தைத் தூக்கினார்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைவில்லை, பெயாரிங் நல்லது. இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டியபோது சக்கரம் விழப்போகும் பல்லைப் போல ஆடியது. சக்கரத்தைத் தள்ளுகிற கம்பியின் முனையில், பந்துபோல் இருக்கிற டை ரொட் மூட்டில்தான் ஆட்டம். ஸரூக் நட்டைக் கழற்றி, சுத்தியலால் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி மூட்டை வெளியே எடுத்தார். ரப்பர் உறையைப் பிய்த்து, கிரீஸைத் துணியால் துடைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இங்க வாங்க வீரசிங்கம்."

தேய்ந்த பந்துக்கும் குழிக்கும் நடுவே, கத்தரித்து வளைத்த ஒரு தகரத் துண்டு செருகியிருந்தது. ஸரூக் அதை நுனிவிரலால் இழுத்தெடுத்து வெளிச்சத்தில் காட்டினார். ஒரு பக்கம் பால்மா டின்னின் மஞ்சள் பெயிண்ட். அதில் பாதி எழுத்து இன்னும் அழியாமல் இருந்தது.

"இத வெச்சவன் பந்து தேஞ்சி ஈக்கிறதக் கண்ணால பாத்துட்டுத்தான் வெச்சீக்கிறான். பாக்காம இத வெக்கேலாது. ஒரு கெழம இறுக்கமா ஈக்கும். பொறகு தகடு நசுங்கி, முந்தினத விட மோசமாப் போகும்."

முன்பு ஆபீஸ் அனுப்பிய அந்தப் பட்டறையிலிருந்து வண்டி திரும்பி வந்த முதல் வாரம் வீரசிங்கத்துக்கு நினைவு வந்தது. ஸ்டியரிங் நன்றாக இருக்கிறது என்று தானே போய் ஆபீஸில் சொன்னதும், பொன்னையா திருப்தியோடு தலையாட்டியதும். இந்த வண்டியில் ஏறாதவர் அந்த மலையில் யார்? காய்ச்சல் பிள்ளைகள், பிரசவப் பெண்கள், குளவி கொட்டியவர்கள், பிணங்கள்கூட. அடைமழை பெய்தால் மேல் லயத்துக்காரர்கள் மண்சரிவில் புதைந்த மீரியபெத்தையை நினைத்துக்கொண்டு தூங்காமல் கிடப்பார்கள். மண் சரிந்தால் தப்பியோட அவர்கள் நம்பியிருப்பதும் இதே வண்டியைத்தான். அத்தனை பேரின் உயிரையும் பால்மா டின்னில் நறுக்கிய ஒரு துண்டில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கேட்டால் டிரைவர் குடிகாரன்.

ஸரூக் ஆபீஸுக்குப் போன் எடுத்து, வீரசிங்கத்துக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். எல்லாவற்றையும் கேட்ட பொன்னையாவின் குரலில் ஆச்சரியமே இல்லை.

"அதெல்லாம் பொறகு பாக்கலாம் முதலாளி. இப்போதைக்கு இறுக்கி அனுப்புங்க. முந்தியும் அப்படித்தான சமாளிச்சாங்க."

"எப்படிச் சமாளிச்சாங்க எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

"மட்காட் வேலைய முடிச்சி அனுப்புங்க," என்றார் பொன்னையா.

"நான் அனுப்ப மாட்டன். வேற எடத்துல தகரம் வெக்க வேணுமெண்டா ஆள் அனுப்பி இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க," என்று ஸரூக் போனை வைத்துவிட்டார்.

கழற்றிய டை ரொட் மூட்டையும் தகட்டையும் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு வீரசிங்கம் பஸ் ஏறினார். ஆபீஸுக்குப் போகவில்லை. நேரே துஷாந்தின் லயத்துக்குப் போனார். வாசலில் பிள்ளைத் துணி காய்ந்துகொண்டிருந்தது. துஷாந்த் எழுந்து நின்றான். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"நான் குடிச்சிருந்தேனா தம்பி? நீ பின்னால நின்ன. புள்ளத்தாச்சிய தூக்கி வச்சப்ப என் மூஞ்சிக்கிட்டதான உன் மூஞ்சி இருந்துச்சி."

துஷாந்த் தரையைப் பார்த்தான். "எல்லாரும் சொன்னாங்க."

வீரசிங்கம் பொதியை அவன் கையில் கொடுத்தார். அவன் பந்தைப் பிடித்து அசைத்துப் பார்த்தான். அது குழிக்குள் கடகடவென்று உருண்டது. தகட்டை என்னவென்று சொல்ல வேண்டியிருந்தது. அதையும் பொன்னையா போனில் சொன்னதையும் சொல்லி முடித்ததும், இருட்டுக்குள்ளிருந்து யசோதினி வெளியே வந்தாள். நெற்றியில் தையல் கறுத்திருந்தது. புருஷன் கையிலிருந்து தகட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதயா உள்ள வச்சிருந்தாங்க," என்றாள்.

மறுநாள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடுமுன்பே துஷாந்த் அந்த மூட்டோடு வந்து நின்றான். வீரசிங்கம் சற்றுத் தள்ளி நின்றார். மூட்டு கைமாறிக் கைமாறிப் போனது. கூடையைத் தலையில் மாட்டிய பெண்கள் ஒவ்வொருவரும் அதை அசைத்துப் பார்த்தார்கள். மாதர் சங்கத் தலைவி விஜயலெட்சுமியிடம் வந்ததும் அவள் அதைக் கொண்டுபோய்ப் பொன்னையாவின் மேசையில் வைத்தாள்.

"தெரிஞ்சிதான் எங்கள ஏத்துனீங்களா?"

"அது பட்டறைக்காரன் செஞ்ச வேல."

"அவன் செஞ்சான் சரி. நேத்து போன்ல இறுக்கி அனுப்பச் சொன்னது யாரு?"

பொன்னையா வீரசிங்கத்தை முறைத்தார். விஜயலெட்சுமி வெளியே வந்து கூடையை இறக்கிப் பெரட்டுக் களத்தின் ஈரத் தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். பறிக்க ஆளில்லாமல் மலையில் தேயிலைக் கொழுந்து முற்றிக்கொண்டு நின்றது. மத்தியானத்துக்கு முன் தோட்டத்தை நடத்தும் தொரை பங்களாவிலிருந்து இறங்கி வந்தார். வண்டியை முழுதாகச் செய்யச் சொல்லி ஸரூக்குக்குப் போன் போனது.

ஸரூக் தாங்கு கையைப் புதிதாகப் போட்டார். இரண்டு பக்க டை ரொட் மூட்டுகளையும் மாற்றி, நட்டுக்குப் பின் கழலாமல் ஊசி செருகி வளைத்தார். முன்சக்கரங்கள் நேர் பார்க்கின்றனவா என்று கயிறு பிடித்துச் சரிசெய்தார். பிறகு வீரசிங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதுளை ரோட்டில் ஓட்டிப் பார்த்து, பாதியில் இறங்கி இடம் மாறினார். வீரசிங்கத்தின் விரல் அசைந்ததும் வண்டி அசைந்தது. இவ்வளவு நாளும் ஒவ்வொரு வளைவிலும் தோளை இறுக்கிக்கொண்டுதான் ஓட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. ஒரு பகல் வேலை. இதற்குத்தானா அவ்வளவும்?

வண்டியை மேலே கொண்டுவந்து ஆபீஸ் முன்னால் நிறுத்தியபோது தூறல் தொடங்கியிருந்தது. பொன்னையா குடையோடு வந்தார். கூடவே பக்கத்து டிவிஷன் டிரைவர் ஒருவன், முகம் கொடுக்காமல் நின்றான்.

"சாவியக் குடு. வெசாரணை முடியிற வரைக்கும் நீ ஓட்டப்படாது."

"வண்டி எப்படி இருந்துச்சின்னு எல்லாரும் பாத்தாச்சே ஐயா."

"அது வேற. நீ குடிச்ச விசயம் வேற."

வீரசிங்கம் இறங்கவில்லை. இஞ்சினையும் நிறுத்தவில்லை. கண்ணாடி இறக்கிய ஜன்னலுக்குள் பொன்னையா கையை நீட்டினார். அடுத்து என்ன செய்வதென்று வீரசிங்கத்துக்கு உண்மையாகவே தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான்: இப்போது சாவியைக் கொடுத்தால், குடித்தேன் என்று தன் வாயாலேயே சொன்னதாகிவிடும்.

அப்போது மறுபக்கக் கதவு திறந்தது. யசோதினி. துணியில் சுற்றிய பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, மோதியபோது உட்கார்ந்திருந்த அதே இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். துஷாந்த் பின்னால் ஏறுவது வண்டி அசைந்ததில் தெரிந்தது.

"தையல் பிரிக்கச் சொல்லியிருக்காங்கண்ணே," என்றாள். "பதுளைக்குப் போகணும்."

அவள் கதவைச் சாத்தினாள். வலப்பக்க ஜன்னலில் பொன்னையாவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. குடை சற்றுச் சாய்ந்துவிட்டதில், விரித்த உள்ளங்கையில் தூறல் விழுந்து சிறிது சிறிதாகத் தேங்கிக்கொண்டிருந்தது.