சத்தம் இல்லாத வண்டி

சௌந்தரபாண்டியன் முதலாளியின் ஜப்பான் கார் கோவில்பட்டி எல்லையைத் தாண்டினாலே இடைசெவல் ரோட்டில் இருக்கும் அவருடைய தீப்பெட்டி ஆபீசுக்குக் கேட்டுவிடும். நடுவே முழுக்கப் பருத்திக் காடு, சத்தத்தைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. பன்றியைப் பிடித்து அமுக்கியது மாதிரி அப்படி ஒரு கிறீச்சல்.

மெக்கானிக் அஸ்லம் பானட்டைத் திறந்து பார்த்தான். புகைக்குழாய்க்குள் காற்றை ஊதி, எரியாமல் மிஞ்சியதையும் எரித்துவிடுகிற பம்ப் ஒன்று இருந்தது. அதன் பேரிங் போயிருந்தது.

"அண்ணாச்சி, நம்ம ஊரு வண்டியில இதெல்லாம் கிடையாது. பெல்ட்டோட சேத்துக் கழட்டிப் போட்டுருதேன். வண்டி பாட்டுக்கு ஓடும்."

"ஏலே, ஜப்பான்காரன் என்ன கிறுக்கனா? புகையச் சுத்தம் பண்ணி விடுத கார் இந்தத் தாலுகாவுலயே எங்கிட்டதான் இருக்கு. புதுசா மாட்டு."

அவருடைய ஆபீசில் மெழுகு காய்ச்சும் அடுப்புப் புகைக்கு ஒரே ஒரு ஜன்னல்தான். அது வேறு கதை.

ஆபீஸ் போர்மேன் காசிராஜனும் தடுத்துப் பார்த்தான். "இருக்கட்டுமே மொதலாளி. அந்தச் சத்தமும் ஒரு கெத்துதான?" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னான். நம் காசு மேல் இவனுக்குத்தான் எத்தனை அக்கறை என்று அவர் நெகிழ்ந்து போனார்.

அவர் எப்போது போனாலும் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்கும் பெண்கள் குனிந்த தலை நிமிராமல் இருப்பார்கள். இது மிரட்டி வந்ததல்ல, பிரியத்தில் வந்தது என்று முதலாளிகள் சங்கத்தில் பேசுவார். பிள்ளை இல்லாத மனுஷர். 'எனக்கு நூறு மகள்கள்' என்று சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைக்கும். நடிப்பு இல்லை, உண்மையாகவே அடைக்கும்.

பம்ப் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது. துருவேறிய போல்ட் ஒன்று பாதியில் முறிய, அதைத் துளை போட்டு எடுத்து, புதியதை மாட்டி, பெல்ட்டை இழுத்து இறுக்கினான் அஸ்லம். அப்புறம் வண்டி ஓடுகிறதா இல்லையா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

முதலாளி வண்டியை நேரே ஆபீசுக்கு விட்டார். மகள்களிடம் காட்ட வேண்டாமா?

வாசலில் இறங்கும்போதே உள்ளே ஒரே சிரிப்பு. ஆசையாக ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். கட்டை அடுக்கும் பொன்மணி தாவணியைத் துண்டு மாதிரித் தோளில் போட்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

"எம் மக்கா! எனக்கு நூறு பொம்பளப் பிள்ளைய! ஒருத்தியாவது கூலியக் கூட்டிக் கேட்டியளா? தங்கம்ட்டி நீங்க!"

சொல்லிவிட்டுத் தொண்டையையும் அடைத்துக் காட்டினாள். அச்சு அசல். காசிராஜன் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவருக்கு உடம்பே கூசியது. அத்தனை பேரையும் வேலையை விட்டு நிறுத்திவிட வேண்டும் என்று வாசலுக்கு வேகமாக வந்தவர், படியிலேயே நின்றுவிட்டார். உள்ளே போனால் பார்த்ததைச் சொல்ல வேண்டும். சொன்னால் நூறு மகள்களும் அன்றோடு சரி. அதற்கு அவருக்கு மனசு வரவில்லை.

திரும்பிப் போய்க் காரில் உட்கார்ந்து ஆரனை நீளமாக அழுத்தினார். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை. பிறகு மெதுவாக இறங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே போனார். எல்லாத் தலையும் குனிந்திருந்தது.

காசிராஜன் ஓடி வந்தான். "வாங்க மொதலாளி. சத்தமே இல்லியே! நல்லா வேல பாத்திருக்கான்."

"ஆமாப்பா. ஆனா சத்தம் இல்லாம வாரது ஆபத்து," என்றார் அவர், பொன்மணி இருந்த பக்கம் பார்க்காமல். "இனிமே தூரத்துலயே ஆரன் அடிச்சிட்டு வாரேன்."