ரெபேக்காள் டீச்சரின் காரும் பேரருவியும்

1958ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குக் குற்றாலம் பேரருவி நின்றது. நான்கு நிமிடம் கழித்து மறுபடியும் விழுந்தது. இடையில் தண்ணீர் வற்றிவிடவில்லை. பாறையின் நடுவே அருவி நீரைத் தேக்கிக்கொள்ளும் பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் அது சுவர்போல மேலெழுந்து நின்றது. கீழே தலை நிறையச் சீயக்காயோடு நின்றிருந்த ஆலங்குளத்து வெங்காய வியாபாரி ஒருவர், யாரோ குழாயை மூடிவிட்டதாக எண்ணிச் சத்தம் போட்டார். பிறகு நான்கு நிமிடத்துத் தண்ணீரும் ஒரே வீச்சில் இறங்கி, அவருடைய வேட்டியைச் சிற்றாற்றில் சேர்த்தது. அதே நான்கு நிமிடம், மூன்று மைல் கிழக்கே தென்காசியில், ஒரு தகரக் கொட்டகைக்குள், ஒன்பது ஆண்டுகளாக ஓடாதிருந்த ரேஸ் கார் ஒன்றின் என்ஜின் ஓடியது.

காரின் சொந்தக்காரி ரெபேக்காள், பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர், வயது நாற்பத்திரண்டு, மணமாகாதவள். 1936இல் செங்கோட்டைச் சாலையில் அவள் நடந்து போகும்போது, எஸ்டேட் துரை ஒருவர் இந்த இரண்டு இருக்கை வண்டியில் அவளைக் கடந்து போனார். புழுதி அடங்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். அதன்பிறகு இருபத்தொரு ஆண்டுகள் காத்திருந்தாள். துரை ஊருக்குக் கப்பலேறியபின் ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில் கிடந்த வண்டியை, ஓர் உழவு மாட்டின் விலைக்கு வாங்கி, மாட்டுவண்டியின் பின்னால் கட்டி இழுத்துவரச் செய்தாள். பஸ் ஷெட் மெக்கானிக் கடற்கரை என்பவன் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, “டீச்சர், இதுல கோழிய எறக்கிட்டா மிச்சம் என்ன இருக்கு?” என்று கேட்டான். கோழிகளை இறக்கினார்கள். மிச்சம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்து அவள் வருவாள். கடற்கரை ஸ்பானரோடு காத்திருப்பான். கரையான் தின்ற சட்டத்துக்குப் பதிலாகச் செங்கோட்டை வேங்கை மரத்தில் புதுச் சட்டம் செய்தார்கள். உடைந்த முன்விளக்குக்குப் பதில் லாரி விளக்கு வந்தது. கார்புரேட்டரின் நுண்துளையை முள்ளம்பன்றி முள்ளால் குத்தித் துடைத்தார்கள். எதிர்வீட்டுத் தையற்காரி ஷரீபுன்னிசா குடைத்துணியில் கூரை தைத்துக் கொடுத்தாள். கழற்றிய திருகாணிகளை ரெபேக்காள் அளவு வரிசைப்படி பெஞ்சில் அடுக்கி வைத்திருந்தாள். ஒன்று இடம் மாறினாலும் அன்றைக்கு வேலை நடக்காது. ஒரே ஒரு திருகாணி மட்டும் கிடைக்கவே இல்லை. அது இல்லாததால் ஆக்ஸிலேட்டர் மிதியிலிருந்து கால் எடுத்தால் என்ஜின் அணைந்துவிடும். பதினேழு மாதம் இப்படிப் போயிற்று.

தவறு கடைசி நாளில் நடந்தது. புது பஸ் முதல் ஓட்டம் போகுமுன் பேரருவித் தண்ணீர் ஒரு குடம் கொண்டுவந்து ரேடியேட்டரில் ஊற்றுவது அந்த ஷெட்டின் வழக்கம். கடற்கரை அதை இதற்கும் செய்தான். தண்ணீரில் என்ன வேறுபாடு என்று அவளும் தடுக்கவில்லை. ஆனால் பஸ்களுக்கு நல்ல மூடி இருந்தது; இந்த வண்டியின் மூடிக்கு மரை தேய்ந்துபோயிருந்தது. எனவே ஈயப் பற்று வைத்து அதை ஒரேயடியாக அடைத்துவிட்டான். அருவியின் ஒரு குடம் உள்ளே அகப்பட்டுக்கொண்டது.

அதற்குப்பின் என்ஜின் ஒன்பது முறை ஓடியது. அருவியும் ஒன்பது முறை நின்றது. குளிக்க வருவோருக்கு எண்ணெய் தேய்த்துவிடும் சுடலைக்கண்ணு அந்த வேளைகளை, அப்போது யார் தலை தன் கையில் இருந்தது என்பதைக் கொண்டு நினைவில் வைத்திருந்தான். அவன் சொன்னவற்றையும் தன் குறிப்புகளையும் ரெபேக்காள் ஜூன் இருபத்தைந்தாம் தேதி ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒரு நிமிடமும் பிசகவில்லை. ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்துவிட்டார்கள். மூன்று நாள் ஒழுகியும் தண்ணீர் குறையவில்லை. ஷரீபுன்னிசா அந்த ஓடையில் இரண்டு வாழைக்கன்று நட்டுக்கொண்டாள். வேறு ரேடியேட்டர் மாட்டினார்கள். அதிலும் அருவி ஊறியது.

குற்றாலம் பஞ்சாயத்துத் தலைவர் சிவனணைந்தபெருமாள், சாரல் காலத்தில் பலகாரக் கடை வைத்து ஆண்டு முழுவதும் சாப்பிடுகிறவர். சுடலைக்கண்ணு மூலம் விஷயம் காதுக்கு எட்டியதும், அவர் நேரில் வந்து சொன்னார்: “டீச்சர், உங்க ஆசை எனக்குப் புரியுது. ஆனா அருவிய நம்பி ஆயிரம் குடும்பம் இருக்கு. திங்கக்கிழம காலைல ஆறு மணிக்கு வண்டி நம்ம ஆபீஸ் முன்னால நிக்கணும். கொல்லரு வந்து பிரிச்சிருவாரு.”

“இழுத்துட்டு வரமாட்டேன் அண்ணாச்சி. ஓட்டிட்டுத்தான் வருவேன்” என்றாள் ரெபேக்காள்.

அவர் யோசித்தார். “ஒரு தடவதான?”

“ஒரே தடவ.”

தூரம் மூன்று மைல். நேரம் பன்னிரண்டு நிமிடம். பெட்ரோல் அரை கேலன். அவள் கணக்கில் எதுவும் விடுபடவில்லை. ஜூன் முப்பதாம் தேதி காலை, கடற்கரை சைக்கிளில் முன்னே போய், குளித்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் வெளியேற்றினான். ஐந்தரைக்கு அவள் புறப்பட்டாள். மேலகரத்தில் பால்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். காற்று குடைத்துணியை உப்பவைத்தது. வாழ்நாளில் அவள் ஓட்டிய முதல் மூன்று மைல் அதுதான். அதுவே கடைசி என்றும் அவளுக்குத் தெரியும். எனவே பல்லைக் கடித்துக்கொண்டு, எதையும் விடாமல் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

ஐந்து நாற்பத்திரண்டுக்கு அருவிக்கு எதிரே வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைக்கக் கை வைத்தபோது கடற்கரை ஓடிவந்தான்.

“அணைக்காதீய டீச்சர். மிதியில இருந்து கால எடுத்துராதீய.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். காய்ந்த பாறைமீது நூறு பேருக்குமேல் குனிந்து நின்றார்கள். அத்தனை காலமும் அருவி பறித்த மூக்குத்தியும் மெட்டியும் தோடும் பாறைக் குழிகளில் மின்னிக்கொண்டிருந்தன. வெளியேற்றப்பட்டவர்கள் அத்தனை பேரும், நீர் நின்றதும் உள்ளே திரும்பியிருந்தார்கள். அவர்கள் தலைக்குமேல் பன்னிரண்டு நிமிடத்து வெள்ளம் கண்ணாடிபோல எழும்பி நின்றது. அதற்குள் ஒரு கெண்டை மீன் நிதானமாகத் திரும்பியது. அவள் மூக்குத்தியைக் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

“பெட்ரோல் எவ்வளவு கெடக்கு?” என்று கடற்கரை கேட்டான்.

“பாக்க எறங்க முடியாது. அஞ்சு நிமிஷம் இருந்தா அதிகம்.”

சிவனணைந்தபெருமாள் துண்டை வீசிக்கொண்டு பாறைக்குள் இறங்கினார். “ஏலே, வெளிய வாங்கலே. மேல பாரு, ஏட்டி, மேல பாரு.”

“வாரேன் அண்ணாச்சி, இந்தா ஒண்ணு கண்ணுல படுது” என்றது ஒரு குரல். ஒருவரும் மேலே பார்க்கவில்லை. அச்சன்புதூரிலிருந்து வந்த ஒருத்தி, தன் தாயார் தொலைத்த தோட்டைக் கண்டுபிடிக்காமல் வரமுடியாது என்று உட்கார்ந்தே விட்டாள். என்ஜின் ஒருமுறை இருமியது. இருமிய அந்த நொடியில் ஒரு குடம் அளவு தண்ணீர் மேலிருந்து தெறித்துப் பாறையில் அறைந்தது. பத்துப் பேர் தாமாக வெளியே ஓடினார்கள்.

ரெபேக்காள் அதைக் கவனித்தாள். மிதியிலிருந்து காலை ஒரு கண்ணிமைப்புக்கு எடுத்து, என்ஜின் சாகுமுன் திரும்ப அழுத்தினாள். அண்டா அளவு தண்ணீர் விழுந்தது. இன்னும் முப்பது பேர் ஓடினார்கள். மறுபடியும் எடுத்தாள், இம்முறை என்ஜின் திரும்பி வருமா என்று அவளுக்கே நிச்சயமில்லை. மேலே சுவர் முழுவதும் ஒரு சாண் கீழிறங்கியது. அவள் அழுத்திப் பிடித்தாள். சுவர் நடுங்கி நின்றது. அதற்குமேல் யாருக்கும் மூக்குத்தி தேவைப்படவில்லை. அச்சன்புதூர்க்காரியைத் தலைவர் கக்கத்தில் இடுக்கித் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் பிடித்துவந்த பாறைக் கைப்பிடிக் கம்பியை விட்டுப் படியில் கால் வைத்தபோது பெட்ரோல் தீர்ந்தது.

பதினேழு நிமிடத்து அருவி ஒன்றாக விழுந்தது. கைப்பிடிக் கம்பிகளையும் தலைவரின் ஒரு செருப்பையும் கொண்டுபோயிற்று. வேறு சேதமில்லை. சற்று நேரம் கழித்துத் தலைவர் நனைந்த வேட்டியோடு வந்து, காரின் சூடான பானெட்மேல் கை வைத்தார்.

“கொல்லர் வந்துட்டாரா அண்ணாச்சி?” என்று ரெபேக்காள் சாவியை நீட்டினாள். கால் இன்னும் மிதிமேலேயே இருந்தது.

“வந்திருக்காரு. கம்பி போட வேண்டியிருக்கு. அத மொதல்ல பாக்கட்டும்” என்றார் அவர். சாவியை வாங்கவில்லை. “ஆமா, கம்பி போடணும்னா தண்ணி நிக்கணும்லா?”

ஜூலை ஏழாம் தேதி கூடிய பஞ்சாயத்து முடிவு செய்தது வருமாறு: காரைப் பிரிக்க வேண்டியதில்லை. நீர் விழும் மாதங்களில் முதல் செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, கயிறு கட்டி ஆட்களை விலக்கியபின், டீச்சர் பன்னிரண்டு நிமிடம் என்ஜினை ஓட்ட வேண்டும். அதற்குள் பாறையின் பாசியைச் சுரண்டிக் கம்பிகளைச் சரிபார்த்துவிட வேண்டும். பெட்ரோல் பஞ்சாயத்துப் பொறுப்பு. பாறையில் கிடைக்கும் நகைகள் தலைவரின் கடையில் ஒரு மாதம் பார்வைக்கு வைக்கப்படும். மற்ற நாட்களில் அவள் பள்ளிக்கு நடந்தே போவாள். அருவி வற்றிக் கிடக்கும் பங்குனியிலும் சித்திரையிலும் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம்.

1959 பங்குனியில் அவள் இருபத்தைந்து மைல் தள்ளியிருக்கும் வாசுதேவநல்லூர்வரை போய்த் திரும்பினாள்.