யாங்கோவுக்கான பாட்டுப்பெட்டி

எழுபத்தாறு வயதுவரை டிரைலோ யாருக்கும் எதையும் சும்மா கொடுத்தவர் இல்லை. அவர் நெகோட்டின் ஊர்ச் சந்தையில் நின்று, தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் என்றால் யாருக்கோ கேடுகாலம் என்று அர்த்தம்.

"இதுல திரையே இல்லையே. என்ன ஓடுதுன்னு எதைப் பாத்துத் தெரிஞ்சுக்கிறது?"

"காதால தெரிஞ்சுக்குங்க பெரியவரே. ஆயிரத்து இருநூறு தினாருக்குத் திரை வேற கேக்குதா?" என்றாள் கடைக்காரி ரூஷா. ஐம்பது தாண்டியவள். பழைய கேசட்டைக் கணினியில் ஏற்றித் தருவதும் அவள் தொழில்தான்.

"கெட்டுப்போச்சுன்னா?"

"தூக்கிப் போடுங்க. எல்லாரும் அதைத்தான் செய்யுறாங்க."

"இதை வாங்கிக்கப்போறவன் தூக்கிப் போட முடியாது" என்று சொல்லி, சட்டைக்குள்ளிருந்து கேசட்டை எடுத்தார். அதை அவளிடம் விட்டுவிட்டுப் போகவும் அவருக்கு மனமில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு, கேசட் சுற்றி முடியும்வரை அவள் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கேசட்டில் இருந்தது அவர் தம்பி யாங்கோவின் பிடில். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு பனிக்காலத்தில், சமையல்கட்டில் பதிவுசெய்தது. யாங்கோ செத்து ஆறு மாதம் ஆகப்போகிறது. அவன் கட்டிய வட்ட ஆட்ட மெட்டு மட்டும் சாகவில்லை. ஆனால் அது அவன் பேரில் இல்லை. பக்கத்து வீட்டு வோயின் அதைத் தூக்கிக்கொண்டு வியன்னாவுக்குப் போய், அங்கே குடியேறிய நம் ஊர்க்காரர்களின் கல்யாணங்களில் வாசித்து, இசைத்தட்டு போட்டு, கார் வாங்கி, தங்கப் பல்லும் கட்டிக்கொண்டு திரும்பினான். இசைத்தட்டின் உறையில் "வோயின் கட்டிய சுழல்" என்று இருந்தது. யாங்கோவின் சவ ஊர்வலத்தில்கூட அந்த மெட்டை வோயின்தான் வாசித்தான். சுற்றி நின்றவர்கள், "பாரு, நண்பனுக்காகத் தன் மெட்டையே வாசிக்கிறான்" என்று கண்ணைத் துடைத்தார்கள். அன்றைக்கு டிரைலோ குழிக்குள் மண்ணைப் போடவில்லை, எறிந்தார்.

கேசட் ஓடியது. மெட்டு முடிந்ததும் ஒரு இளைஞனின் குரல். குதிரை கனைப்பது மாதிரி ஒரு சிரிப்பு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படிச் சிரிப்பவன் வோயின் ஒருத்தன்தான்.

"யாங்கோ, அந்த மூணாவது வளைவை இன்னொரு தரம் காட்டுடா. விரல் போகமாட்டேங்குது. இதை எங்கேருந்து புடிச்ச?"

"எங்கேருந்தும் புடிக்கல. நேத்து நானே கட்டினேன்."

டிரைலோ தொடையில் அறைந்தார். அறைந்த கை அங்கேயே நின்றுவிட்டது. வோயினும் யாங்கோவும் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் பேச்சின் மேலேறி இன்னொரு குரல் கத்தியது. தடித்த குரல், குடித்த குரல்.

"அந்தக் கட்டையை வித்துட்டு ஒரு பன்னி வாங்குடா! நீ வாசிச்சு எவன் ஆடப்போறான்? தண்டச்சோறு!"

ரூஷா கணினியைப் பார்க்காமல் அவரைப் பார்த்தாள். "இது நீங்களா?"

"நான்தான்."

அந்தப் பேச்சுக்கு அடுத்த இலையுதிர் காலத்தில் யாங்கோ பிடிலை விற்றுவிட்டான். வாங்கியவன் வோயின்.

"உங்க பேச்சை வெட்டி எடுத்துடலாம்" என்றாள் அவள். இரண்டு தரம் ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "முடியாது பெரியவரே. ரெண்டு பேச்சும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கு. உங்களை எடுத்தா அந்தச் சிரிக்கிறவரும் போயிடுவாரு."

டிரைலோ திரும்பிச் சந்தையைப் பார்த்தார். எதிர்ச்சாரியில் ஒருத்தி முட்டைக்கோஸை எடை போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்படியே ஏத்து" என்றார் கடைசியில். "அவன் தப்பிக்கக் கூடாது. அதுல நானும் சேந்து நாறினா நாறிட்டுப் போறேன்."

வீட்டுக்கு வந்து மூன்று நாள் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினார். முதல் தரம் நாலு மணி நேரம் மின்சாரம் ஏற்ற வேண்டும், சிவப்பு விளக்கு தானாக அணைய வேண்டும் என்று ரூஷா சொல்லியிருந்தாள். அவளை நம்பாமல் ஆறு மணி நேரம் போட்டார். பொத்தானைத் தட்டினால் வானொலிதான் கரகரத்தது. விரலை எடுக்காமல் மூன்று எண்ணும்வரை அழுத்தினால்தான் ரூஷா ஏற்றித் தந்த நினைவு அட்டையில் இருக்கும் யாங்கோ வாசிப்பான். இதைக் கண்டுபிடிக்கவே ஒரு பகல் போனது. பிறகு, நகத்தளவு அட்டை போகும் பொந்தைச் செருப்புப் பசையால் அடைத்தார். வோயின் கெட்டிக்காரன். அட்டையை உருவிவிட்டு வானொலி மட்டும் கேட்பான்.

சனிக்கிழமை மதியம் ஆறாம் மாதப் படையல். முற்றத்தில் நீள மேசை. வேகவைத்த கோதுமை, பீன்ஸ், மீன், பிளம் சாராயம். சாம்பிராணி மேசையை ஒரு சுற்று சுற்றிவந்தது. இறந்தவனுக்கு அந்த உலகத்தில் வேண்டிய பொருளை, அதன் மேல் மெழுகுவத்தி ஒட்டி, இங்கே அவன் வயதுக்காரன் ஒருத்தன் கையில் கொடுக்க வேண்டும். வாங்குகிறவன் மறுக்கக் கூடாது. வாங்கியவன் புழங்கினால்தான் அங்கே இருப்பவனுக்குப் போய்ச் சேரும். யாங்கோ வயதில் ஊரில் மிச்சமிருப்பவன் வோயின் ஒருத்தன்தான். அதனால் யாங்கோவுக்கென்று வாங்கிய சட்டை, தொப்பி, தட்டு, கரண்டி எல்லாம் அவனுக்கே போனது. புதுச் சட்டையைத் தன் சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு வோயின் தங்கப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கடைசியாக டிரைலோ எழுந்தார். பாட்டுப்பெட்டியின் முதுகில் மெழுகுவத்தி எரிந்தது.

"இது யாங்கோ முன்னால இருக்கட்டும். ஆண்டுப் படையல் வரைக்கும் அவன் தினமும் பாட்டு கேக்கட்டும்."

"இறைவன் ஏத்துக்கட்டும்" என்று வோயின் வாங்கினான். "பரவாயில்லையே டிரைலோ அண்ணே, கஞ்சக்கையிலேருந்து இதெல்லாம் வருதா? என் சுழலும் இருக்கா இதுல?"

"இருக்கு. அமுக்கிப் பாரு."

வோயின் தட்டினான். மழை வரும், மலைப்பக்கம் காற்று அடிக்கும் என்றது வானொலி. மேசையில் எல்லோரும் சிரித்தார்கள்.

"குடு இப்படி" என்று டிரைலோ அவன் கையைப் பிடித்து, அவன் விரலை வைத்தே பொத்தானை அழுத்தினார். "ஒண்ணு. ரெண்டு. மூணு."

பிடில் கிளம்பியது. சின்னப் பெட்டிக்கு அசுரத் தொண்டை. மெட்டு முடிந்தது. கனைப்புச் சிரிப்பு வந்தது. மூன்றாவது வளைவு வந்தது, விரல் போகவில்லை என்ற புலம்பல் வந்தது. 'நேத்து நானே கட்டினேன்.' மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது. அதன் மேலேயே பன்னியும் தண்டச்சோறும் வந்து விழுந்தன.

வோயினின் முகம் மாவு மாதிரி வெளுத்தது. ஆனாலும் ஆள் லேசுப்பட்டவன் இல்லை.

"கேட்டீங்களா எல்லாரும்? கூடப் பொறந்த அண்ணனே தம்பியை என்ன பேச்சு பேசுறாரு! பிடிலை விக்கவெச்சதே இவர்தான்!"

"ஆமா, நான்தான்" என்றார் டிரைலோ. குரல் உயரவில்லை. "நான் மடையன். அதை ஊரே கேக்கட்டும்னுதான் வெட்டாம வெச்சிருக்கேன். நீ திருடன். உன் வாயால சொல்லு, அந்த மெட்டு யாருது?"

வோயின் மெழுகுவத்தியைப் பார்த்தான். பெட்டியைத் திருப்பி மேசையில் வைக்கப் போனான். அவன் மனைவி ஸ்டானியா கையைத் தட்டிவிட்டாள். பேய்க்கும் பிணத்துக்கும் நடுங்குகிறவள். "திருப்பிக் குடுக்காதய்யா! வத்தி ஒட்டி வாங்கிட்ட. அவன் வந்து நம்ம கட்டில்ல உக்காருவான்!"

யாரும் சிரிக்கவில்லை. தன் வீட்டுக் கல்யாணத்தில் வாசிக்க வோயினைப் பேசிவைத்திருந்த கோஸ்டா, மீனைப் பாதியில் விட்டு எழுந்து போனான்.

அன்றிலிருந்து சாயங்காலம் ஐந்து மணிக்கு ஸ்டானியா பெட்டியை ஜன்னலில் வைத்து, மூன்று எண்ணி அழுத்துவாள். வோயின் பிளம் தோப்புக்குப் போய்விடுவான். தோப்புவரைக்கும் கேட்கும். டிரைலோ வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். வோயினின் கெஞ்சல் வரும்போது ஒரு மடக்கு சாராயம் குடிப்பார். தன் குரல் வரும்போது கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். காதைப் பொத்தமாட்டார். முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் எழுவார்.

பதினோராம் நாள் சத்தம் வரவில்லை. டிரைலோ கால்மணி நேரம் பொறுத்தார். பிறகு பெட்டிக்கு மின்சாரம் ஏற்றும் கம்பியை எடுத்துக்கொண்டு போய் வோயின் வீட்டுக் கதவைத் தட்டினார். வோயினே வந்து திறந்தான். யாங்கோவின் சட்டையில்தான் இருந்தான். பத்து நாளில் அது அவனுக்குத் தொளதொளத்துவிட்டது.

"பெட்டி செத்துப்போச்சு" என்றான்.

"சாகல. பசி. நாலு மணி நேரம் போடணும். சிவப்பு விளக்கு அணையணும்."

"அண்ணே, போதும். கோஸ்டா வீட்ல வேற ஆளைப் பேசிட்டாங்க. எவனும் என்னைக் கூப்பிடுறதில்ல. நிறுத்திக்கலாமே."

"என்னைக் கேட்டா? போதுமா போதாதான்னு யாங்கோதான் சொல்லணும்" என்று டிரைலோ கம்பியை அவன் கையில் திணித்தார். "இந்த முனை பெட்டிக்கு. அந்த முனை சுவத்துக்கு."