கம்பெனி பேரில் பில்

கோபம் வந்தால் என் வாய் நிற்காது. எங்கள் பேக்கிங் செட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்படிப்பட்ட நான் 2007 தீபாவளிக்கு முந்தின வாரம், கம்பெனி கேட்டுக்கு வெளியே, இருபத்து மூன்று பெண்களுக்கு முன்னால் வாயடைத்து நின்றேன்.

விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி. கிஃப்ட் பாக்ஸ் கட்டும் தகரச் செட்டில் என்னோடு சேர்த்து இருபத்து நான்கு பேர். சீட்டு பிடிக்கிறவள் நான். சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஆளுக்கு இருபது ரூபாய் என்னிடம் தருவார்கள். தீபாவளி நெருங்கும்போது அதில் எண்ணெய், மைதா, சீனி, பருப்பு எல்லாம் மொத்தமாக வாங்கி ஆளுக்கொரு பையாகக் கொடுப்பேன். எனக்கு அதில் சல்லிக்காசு கிடையாது. மாரித்தாய் கை சுத்தம் என்று சொல்வார்களே, அந்தப் பேர் ஒன்றுதான்.

முந்தின வருஷம் அந்தப் பேருக்கே பங்கம் வந்தது. ஊரில் ஒரு கடையில் வாங்கிய சில்லறை எண்ணெய் சிக்கு வாடை அடித்தது. என் நாத்தனார் முறை சண்முகத்தாய், எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிறவள், சுட்ட முறுக்கைக் கொண்டுவந்து எல்லாருக்கும் மோந்து பார்க்கக் கொடுத்தாள். அதோடு விட்டாளா? கடைக்காரர் எனக்குத் தனியாக ஏதோ கொடுத்திருப்பார் என்று ஒரு பேச்சையும் கிளப்பிவிட்டாள். யாரும் என் முகத்துக்கு நேரே கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். கேட்காமல் பார்த்தார்களே, அதுதான் தாங்கவில்லை. அதனால் இந்த வருஷம் சீல் வைத்த எண்ணெய் வரும், கடை பில்லை எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டுத்தான் பையைத் தொடுவேன் என்று செட்டில் வைத்தே சொல்லியிருந்தேன்.

மதுரையில் புறவழிச்சாலை ஓரம் ஒரு பெரிய மொத்தக் கடை திறந்திருந்தார்கள். நம் ஊர்ச் சரக்குக் கிட்டங்கிகளைப் பத்துச் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு பெரிசு. ஆனால் நினைத்தவர்கள் உள்ளே போக முடியாது. வியாபாரம் செய்கிறவர்களுக்கு மட்டும் படம் போட்ட ஒரு கார்டு கொடுப்பார்கள். அதைக் காட்டினால்தான் கதவு திறக்கும். எங்கள் கம்பெனி அந்தக் கடைக்குக் கிஃப்ட் பாக்ஸ் அனுப்பியதால் கம்பெனி பேரில் ஒரு கார்டு இருந்தது. கார்டில் படம் எங்கள் கணக்கப்பிள்ளை சீனிவாசகத்துடையது.

"முதலாளி காதுக்குப் போகக் கூடாது மாரித்தாயி" என்றார் அவர். "கார்டை வெளியாளுக்குக் குடுக்கக் கூடாதுன்னு கண்டிசனாச் சொல்லியிருக்காக."

"நான் என்னைக்கு அண்ணாச்சி வெளியாளு ஆனேன்? பதினாறு வருசமா இங்கனதான கெடக்கேன்?"

சிரித்துக்கொண்டே சம்மதித்தார். கடைசி லோடு மதுரைக்குப் போகும் நாளில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, லாரியில் டிரைவர் முனியராஜ் பக்கத்தில் கணக்கப்பிள்ளையும் அவருக்கு இந்தப் பக்கம் நானுமாக ஒடுங்கி உட்கார்ந்து போனோம். ஒரு வருஷத்துச் சீட்டுப் பணம் மடியில் இருந்தது. விருதுநகர் தாண்டும் வரை அதிலிருந்து கையை எடுக்கவில்லை.

கடை வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போனேன். செட்டுக்குள் செருப்போடு நுழைந்து பழக்கம் இல்லாத கால்கள். வெறுங்காலில் சிமெண்டுத் தரை ஐஸ் மாதிரி இருந்தது. சுற்றிப் பார்த்தால் எல்லாரும் பூட்ஸும் செருப்புமாக நடக்கிறார்கள். திரும்பிப் போய் எடுக்கலாமென்றால், ஒருமுறை வெளியே போனால் மறுபடி வரிசையில் நிற்கணும் என்றான் காவலாளி. போகட்டும் என்று நடந்தேன்.

மலிவு மலிவு என்று சொன்னார்களே, அந்த மலிவைக் கண்டுபிடிப்பதற்குள் என் உயிர் போய்விட்டது. கூரை மோட்டைத் தொடும் அளவுக்கு இரும்புச் சட்டங்களில் சாமான். ஒவ்வொன்றுக்கும் கீழே பெரிய எழுத்தில் ஒரு விலை, அதற்குக் கீழே எறும்பு எழுத்தில் இன்னொன்று. வரி தனி என்று ஒன்றில். நாலு வாங்கினால்தான் இந்த விலை என்று இன்னொன்றில். மைதா ஆளுக்கு மூன்று கிலோ, ஆக எழுபத்திரண்டு பாக்கெட் வேண்டும். அங்கே பத்துப் பத்தாகக் கட்டி வைத்திருந்தார்கள். எழுபது எடுத்தால் ரெண்டு குறைகிறது, எண்பது எடுத்தால் எட்டு மிச்சம். கட்டைப் பிரித்து ரெண்டு கொடுங்கள் என்றால், நீலச் சட்டை போட்ட பெண், "அப்படிக் குடுக்க முடியாது மேடம்" என்றாள். என்னை வாழ்க்கையில் மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான். அந்தச் சந்தோஷத்தைக்கூட அனுபவிக்க விடவில்லை.

கடலைப் பருப்பு மூட்டையைத் திருப்பிப் பார்த்தேன். விருதுநகர் மில் முத்திரை. காலையில் அந்த மில்லைத் தாண்டித்தான் வந்திருந்தோம்.

இந்த லட்சணத்தில் கணக்கப்பிள்ளையைக் காணோம். கார்டு அவர் கையில். அவர் இல்லாமல் ஒரு உப்புப் பாக்கெட்டுக்குக்கூட பில் போட முடியாது. மூன்று சந்து தேடி, கடைசியில் பல் துலக்கும் பிரஷ் இருக்கும் இடத்தில் பிடித்தேன். மூன்று வாங்கினால் ஒன்று இலவசம். தள்ளுவண்டியில் பதினாறு பிரஷ் போட்டிருந்தார்.

"உங்க வீட்டுல நீங்களும் அத்தாச்சியும் மட்டுந்தான அண்ணாச்சி?"

"கெட்டா போகப் போகுது? இம்புட்டு மலிவா இனி எப்பக் கெடைக்கும்?" என்று பதினேழாவதையும் எடுத்தார்.

எண்ணெய்க்கு வந்தோம். ஐந்து லிட்டர் கேன், நல்ல கம்பெனி, மூடியில் சீல். இதற்காகத்தான் இத்தனை பாடும். விலையை ரெண்டு தடவை வாசித்தேன். ஊர் விலையை விட நாற்பது ரூபாய் கூடுதல். அப்புறம்தான் பக்கத்தில் தொங்கிய மஞ்சள் அட்டையைக் கணக்கப்பிள்ளை காட்டினார். அதே எண்ணெயைப் பட்டாசு கிஃப்ட் பாக்ஸோடு சேர்த்து வாங்கினால் ரெண்டுக்கும் சேர்த்தே விலை குறைவு. ஊர் விலையை விடவும் முப்பது ரூபாய் குறைவு.

அட்டையில் படம் போட்டிருந்த கிஃப்ட் பாக்ஸ் எங்களுடையது. நாங்கள் இருபத்து நான்கு பேரும் உட்கார்ந்து அடுக்கி, மூடி, ஜரிகைத்தாள் சுற்றியது.

"பாக்ஸ் வேண்டாம், எண்ணெயை மட்டும் அந்த வெலைக்குக் குடுங்க" என்றேன் நீலச் சட்டைப் பெண்ணிடம்.

"ரெண்டும் சேர்ந்ததுதான் ஆஃபர் மேடம்."

"பட்டாசுக்குள்ளயே பொழங்குறவளுக்குப் பட்டாசைக் குடுத்து என்னம்மா பண்ணச் சொல்ற? அத நீயே வச்சுக்கோ."

அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "ஆஃபர் அப்படித்தான் மேடம்" என்றாள். சுவரோடு பேசுகிற மாதிரி இருந்தது. மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சேர்த்து வாங்கினால் மிச்ச மைதா எட்டுப் பாக்கெட்டையும் ஈடுகட்டிவிடலாம். பாக்ஸைப் பிள்ளைகள் வெடித்துவிட்டுப் போகட்டும். சரி என்றேன். அந்தச் சரியைச் சொன்ன நாக்கை அறுக்கலாம்.

பில் போடும் இடத்தில் பணத்தை நான்தான் எண்ணிக் கொடுத்தேன். மூன்று தடவை எண்ணினேன். என் முழங்கை நீளத்துக்கு பில் வந்தது. தலைப்பில் கம்பெனி பேர்.

"என் பேரு போடுங்கய்யா. மாரித்தாய், பேக்கிங் செட்டுன்னு."

"கார்டுல இருக்கிற பேர்தாம்மா வரும்."

"பேருல என்ன இருக்கு? சாமானும் வெலையும் சரியா இருக்குல்ல?" என்றார் கணக்கப்பிள்ளை. அதுவும் நியாயம்தான் என்று பட்டது. வெளியே விடுவதற்கு முன் ஒருவன் தள்ளுவண்டியைக் கிளறி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். எங்கள் கம்பெனியில் தீப்பெட்டி இருக்கிறதா என்று உள்ளே போகும்போதுதான் தடவிப் பார்ப்பார்கள். இங்கே காசையும் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது தடவுகிறார்கள். வாசலில் என் செருப்பைக் காணோம். கூட்டுகிறவர்கள் குப்பையில் அள்ளிப் போட்டுவிட்டார்களாம்.

பட்டாசை வெளியே ஒரு தகரக் கொட்டகையில் கொடுத்தார்கள். முனியராஜ் காலையில் இறக்கிய பாக்ஸையே மத்தியானம் திரும்ப ஏற்றினான். "யக்கா, இதுக்கு நான் இறக்காமலே இருந்திருப்பேனே" என்று திருப்பரங்குன்றம் தாண்டும் வரை சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மடியில் பில் இருந்தது. அது போதும் என்று இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து, கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சாமானைப் பரப்பினேன். இருபத்து நான்கு கேன், இருபத்து நான்கு பாக்ஸ், பைகள். பெண்கள் சுற்றி நின்றார்கள். சண்முகத்தாய் ஒரு கேனைத் தூக்கிச் சீலைத் தடவிப் பார்த்தாள். "நல்ல எண்ணெயாத்தான் மதினி இருக்கு" என்றாள். ஒரு வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. "இருங்க, பில்லை வாசிக்கேன்" என்று மடியிலிருந்து எடுத்தேன்.

அப்போதுதான் முதலாளி அய்யாதுரையின் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கினார்.

"என்ன தாயி, நம்ம பாக்ஸெல்லாம் தெருவுல கெடக்கு?"

அவர் குரலில் சந்தேகம் இருந்தது. தப்பில்லை. இத்தனை பாக்ஸ் கேட்டுக்கு வெளியே கிடந்தால் யாருக்கும் வரும். நான் பதில் சொல்வதற்குள் கணக்கப்பிள்ளை உள்ளேயிருந்து ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நம்ம பிள்ளைகளுக்குக் கம்பெனி சார்பா வாங்கினது முதலாளி. கார்டு கடையில ஆஃபர் போட்டிருந்தான். உங்ககிட்டச் சொல்லணும்னு இருந்தேன், லோடு அவசரத்துல விட்டுப்போச்சு."

எனக்கு ஒரு நிமிஷம் அவர் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்றே புரியவில்லை.

"இல்ல முதலாளி" என்றேன். "இது எங்க சீட்டுக் காசு. நான் எண்ணிக் கட்டினது. இந்தா பில்லு."

முதலாளி கையை நீட்டி வாங்கினார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தார். "நம்ம கம்பெனி பேருல்ல போட்டிருக்கு?"

"அவ சீட்டு வேற முதலாளி" என்றார் கணக்கப்பிள்ளை. என் பக்கம் திரும்பவே இல்லை. "ரெண்டையும் போட்டுக் குழப்புறா."

"முனியராஜு, நீ சொல்லுப்பா" என்று கேட்டோரம் நின்ற டிரைவரைக் கூப்பிட்டேன்.

"நான் வெளிய வண்டியில இருந்தேன்க்கா. உள்ள யாரு குடுத்தாகன்னு எனக்கென்ன தெரியும்?" என்றான். பொய் சொல்லவில்லை. அவன் உள்ளே வரவே இல்லைதான்.

முதலாளி பில்லை மடித்தார். "சரி, நல்ல நாளும் அதுவுமா எதுக்குப் பிரச்சினை. குடுத்தது குடுத்ததாவே இருக்கட்டும். இந்த வருச இனாம்னு வச்சுக்கிடுங்க, தாயிகளா." பில்லைக் கணக்கப்பிள்ளை கையில் கொடுத்தார். "கணக்குல ஏத்திருங்க." கார் போய்விட்டது.

கணக்கில் ஏற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தான் கைக்காசு போட்டதாக பில்லைக் காட்டி, அத்தனை பணத்தையும் கம்பெனிப் பெட்டியிலிருந்து இவர் எடுத்துக்கொள்வார். ஓடிப் போய் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"பில்லைக் குடுங்க அண்ணாச்சி. வயித்துல அடிக்காதீக."

"ரெண்டு நாள் பொறு. கார்டு குடுத்தது தெரிஞ்சா என் வேலையே போயிரும். நான் பாத்துக்கிடுறேன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கையை விலக்கிக்கொண்டு கேட்டுக்குள் போனார். காவலாளி கதவைச் சாத்தினான்.

நான் மரத்தடிக்குத் திரும்பி வந்தேன். அதற்குள் ஒவ்வொருத்தியும் ஒரு பையும் ஒரு கேனும் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். சண்முகத்தாய்தான் முதலில் கேட்டாள். கத்தியிருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"முதலாளி குடுத்தது இது. சரி மதினி. அப்ப எங்க சீட்டுக் காசு எங்க?"

"இதுதான் சண்முகத்தாயி. உங்க காசுல வாங்கினதுதான் இது."

"இனாம்னு அவுக வாயால சொல்லிட்டுப் போறாகள்ல? பில்லும் கம்பெனி பேருலதான இருந்துச்சு? நீயுந்தான பாத்த?"

நான் பார்த்தேன்தான். கூட்டத்தில் ஒருத்தி, பண்டிகைக்கு முன்னால் கொடுத்தால் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கலாம் என்றாள். இன்னொருத்தி ஆமாம் என்றாள். இத்தனை வருஷம் வாயை வைத்துப் பிழைத்தவளுக்கு அன்று ஒரு வார்த்தை வரவில்லை.

கூட்டம் கலைந்தது. தங்கத்தாய் மட்டும் நின்றாள். என் கூடவே வேலைக்குச் சேர்ந்தவள். என் கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் பக்கத்தில் நின்றவள். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தன் முந்தானையைக் கொடுத்தாள்.

"அழாதத்தா. நீ எடுத்திருக்க மாட்டன்னு எனக்குத் தெரியாதா?" என்றாள். கீழே குனிந்து தன் எண்ணெய்க் கேனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டாள். நாலடி போனவள் நின்று திரும்பினாள்.

"மத்தவகளுக்குச் சீட்டுக் காசு குடுக்கும்போது எனக்கும் சேத்துக் குடுத்துரு, என்ன?"